நூறு சதவீத ரத்தம்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற விடுதலை வந்த வருடத்தில், பதினொரு வாரங்கள், மலாக்கா நகரத்தின் ரத்தம் முழுவதும் என் ரத்தத்தோடு ஒப்பிட்டே அளக்கப்பட்டது. இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, வெட்கப்பட்டுச் சொல்கிறேனா என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். இரண்டும்தான். பெருமை ஒரு சிட்டிகை கூடுதல்.

நகரம் முழுவதும் என்பது மிகை. ஜாலான் பெண்டஹாராவில் இரண்டு துணிக்கடைகளுக்கு நடுவே அப்போது ஒரு சின்ன கிளினிக் இருந்தது. இப்போது அதுவும் துணிக்கடை. யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் நடத்தினார். பிள்ளைத்தாய்ச்சிகள்தான் அதிகம் வருவார்கள். பின்கட்டில் ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு குழாயடித் தொட்டி, நான். இதற்கு ஆய்வுக்கூடம் என்று பெயர். பெயர் வைத்ததும் நானே.

அங்கே என் வேலை ரத்தச் சிவப்பணுக்களை எண்ணுவது. சிவப்பணு சிவப்பாக இருக்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாகப் பார்த்தால் வெளிறிய மஞ்சள்தான். கூட்டமாகச் சேர்ந்தால்தான் சிவப்பு. வடிவம், ஓட்டை போட மறந்துபோன உளுந்து வடை. நடுவில் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அமுக்கிவிட்டது போல ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தால்தான் அதற்கு மேற்பரப்பு அதிகம். நுரையீரலில் பிராணவாயுவைச் சீக்கிரம் ஏற்றிக்கொள்ளும், விரல்நுனியில் சீக்கிரம் இறக்கிவிடும். தன்னைவிடக் குறுகிய குழாய்க்குள்ளும் வளைந்து நெளிந்து புகுந்து மறுபக்கம் பழையபடி வடையாக வந்துவிடும். இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. எலும்பு மஜ்ஜையில் உருவாகி வெளியே வருவதற்கு முன்பே அது தன் உட்கருவைத் தூக்கி எறிந்துவிடுகிறது. சரக்குக்கு இடம் வேண்டுமே. யோசிக்கிற உறுப்பை வெளியே போட்டுவிட்டு நாலு மாதம் ஓயாமல் சுமை தூக்கிச் சாகிறது. குடும்பத் தலைவர்கள் பலரை எனக்குத் தெரியும் என்பதால் அதன்மேல் ஒரு சொந்தம்.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. விரலைக் குத்தி, ரத்தத்தை நுண்குழாயில் வாயால் உறிஞ்சி, உப்புக் கரைசலில் இருநூறு மடங்கு நீர்க்க வைத்து, கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் விடுவோம். எண்பது சின்னக் கட்டங்களில் இருப்பதை எண்ண வேண்டும். கோட்டின்மேல் உட்கார்ந்திருப்பவைதான் தகராறு. மேல் கோட்டையும் இடக் கோட்டையும் தொட்டால் கணக்கில் சேர்த்தி. கீழ்க்கோட்டையும் வலக்கோட்டையும் தொட்டால் சேர்த்தி இல்லை. வந்த எண்ணுக்குப் பின்னால் நாலு பூஜ்யம் போட்டால் ஒரு கன மில்லிமீட்டருக்கு எத்தனை அணு என்று தெரியும். நல்ல உடம்புள்ள ஆணுக்கு ஐந்நூறு வரவேண்டும், அதாவது ஐம்பது லட்சம்.

இப்படி எண்ண ஒரு ஆளுக்கு அரைமணி நேரம் பிடிக்கும். அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் எண்ண மாட்டோம். சுருக்குவழி ஒன்று இருந்தது. ரத்தத்தை அமிலத்தில் விட்டால் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகும். அந்த நிறத்தை ஒரு பழுப்புக் கண்ணாடித் துண்டோடு ஒப்பிட்டு, ரத்தத்தின் பலம் எழுபது சதவீதம், தொண்ணூறு சதவீதம் என்று சொல்லிவிடலாம். அந்தக் கண்ணாடித் துண்டு இங்கிலாந்திலிருந்து வந்தது. அதைப் பளபளவென்று வைத்திருப்பேன். ஒருநாள் சோப்புப் போட்டுத் துடைக்கும்போது தொட்டிக்குள் விழுந்து இரண்டாயிற்று.

சிங்கப்பூருக்கு எழுதினோம். அவர்கள் இங்கிலாந்துக்கு எழுதினார்கள். கப்பலில் வர மூன்று மாதமாவது ஆகும் என்றார்கள். அதுவரை என்ன செய்வது என்று டாக்டர் நெற்றியைத் தேய்த்தபோது, நான்தான் யோசனை சொன்னேன்.

“ஆரோக்கியமான ஒருத்தரோட ரத்தத்தை நூறுன்னு வச்சுக்குவோம் டாக்டர். வாரத்துக்கு ஒரு தடவ அதை அமிலத்துல போட்டு டியூப்ல மூடி வச்சிட்டா, மத்தவங்க ரத்தத்தை அதோட ஒப்பிட்டுக்கலாம்.”

“ஆர் அந்தச் சுகதேகி?”

“நான்தான்.”

டாக்டர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “பார்த்தா அப்பிடித் தெரியேல்லை. எதுக்கும் முதல்ல உம்மட அணுக்களை எண்ணிப்போட்டு வாரும்.”

எண்ணினேன். முந்நூற்று நாற்பது சொச்சம் வந்தது. நுண்குழாயில் காற்றுக் குமிழி புகுந்திருக்கும் என்று குழாயை மாற்றி எண்ணினேன். முந்நூற்று முப்பது சொச்சம். கரைசல் பழசு என்று புதிதாகக் கலக்கினேன். மறுபடி அதே. கடைசியில் நாலு கோட்டையும் தொட்ட அணுக்களையெல்லாம் ஈவிரக்கத்தோடு சேர்த்துக்கொண்டேன். அப்போதும் நானூறைத் தாண்டவில்லை. ஆரோக்கியமான ஆணுக்கு ஐந்நூறு என்று புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. நான் ஆண். ஆரோக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஆகவே கண்ணாடித் தட்டுதான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டி, ஐந்நூறு என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அன்று முதல் நான் நூறு.

அந்தப் பெருமையைச் சொல்லி மாளாது. மூடியிட்ட டியூபின்மேல் நூறு என்று மசியால் எழுதி ஒட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திவைத்திருந்தேன். கிளினிக்குக்கு வந்த துணிக்கடை முதலாளிகள், பள்ளிக்கூட வாத்தியார்கள், செமாபோக்கிலிருந்து வரும் பெண்கள் எல்லாரும் என்னைவிட இவ்வளவு குறைவு, என்னோடு இவ்வளவு சமம் என்று தெரிந்துகொண்டு போனார்கள். நாடு விடுதலை வாங்கப் போகிறது. அதற்குள் நானும் ஒரு அளவுகோலாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, காஜா பெராங்கிலிருந்து சைக்கிளில் தினமும் நிமிர்ந்து போவேன். வழியில் ஐஸ் கட்டி விற்கும் கிழவர் பாரத்தோடு என்னை முந்திப்போவார். பதவியில் இருப்பவன் வேகமாக மிதிக்கக் கூடாது என்று நான் விளக்கம் வைத்திருந்தேன். பழைய கோட்டைக் குன்றில் ஏறும்போது மூன்று இடத்தில் நின்று இயற்கையை ரசிப்பதும் அப்படித்தான்.

டாக்டர் மட்டும் நோயாளிகளைப் பார்க்கும்போது அவ்வப்போது முனகுவார். “கண் வெளுத்துக் கிடக்கு. உம்மட நம்பர் எண்டா தொண்ணூத்தஞ்சு எண்டுது.”

“நம்பர் கண்ணைவிட நிச்சயம் டாக்டர்,” என்பேன்.

அந்தச் சமயத்தில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். எங்களுக்கு முதல் பிள்ளை. அவள் கிணற்றடியிலிருந்து சமையல்கட்டுக்கு வருவதற்குள் இரண்டுமுறை உட்கார்ந்தாள். அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு நறநறவென்று மெல்லுவாள். ஐஸ்காரக் கிழவரிடம் ஒரு துண்டு ஐஸ் வாங்கி அதையும் மெல்லுவாள். மசக்கை என்றார்கள் எல்லாரும். நான் விஞ்ஞானி. அவள் விரலைக் குத்தி, அமிலத்தில் விட்டு, என் டியூபோடு ஒப்பிட்டேன். தொண்ணூற்றேழு!

எங்கள் கல்யாணத்துக்கு ஜோசியர் பத்துப் பொருத்தத்தில் ஏழுதான் இருக்கிறது என்று மூஞ்சியைச் சுளித்தவர். இதோ, ரத்தப் பொருத்தம் தொண்ணூற்றேழு. அதை எழுதிய தாளை அவளிடம் பத்திரம் போல நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, அதைத் திருப்பி விசிறிக்கொண்டாள்.

வீட்டில் பிள்ளைப்பேறு பார்க்க, எங்கள் சந்திலேயே இருந்த மருத்துவச்சியிடம் சொல்லிவைத்திருந்தோம். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசிப் பழகிப்போன மலாக்காச் செட்டிகள் வீட்டுப் பெண். சாரோங் கெபாயா, நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். மாரியம்மன் கோவிலில் எங்களுக்கு முன்னால் நின்று கும்பிடுவாள். ஆனால் தமிழில் சாமி, அம்மன், பொங்கல் தவிர அதிகம் தெரியாது. எல்லாரும் மாக் பீடான் என்று கூப்பிடுவோம். அன்று சாயங்காலம் வயிற்றைத் தடவிப் பார்க்க வந்தவள், தலை பக்குவமாகத் திரும்பியிருக்கிறது என்று திருப்திப்பட்டு, எழுந்திருக்கும்போது போகிறபோக்கில் என் மனைவியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“பூச்சாட்,” என்றாள். வெளுத்துப்போயிருக்கிறது. “தாடா டாரா.” ரத்தமே இல்லை.

நான் சிரித்தேன். தொண்ணூற்றேழு என்ற தாளை எடுத்துக் காட்டினேன். அவள் அதைக் கையால் ஒதுக்கினாள். பிள்ளை பெறும்போது எந்தப் பெண்ணுக்கும் ரத்தம் போகும். போகிறதைத் தாங்க இவளிடம் மிச்சம் இல்லை. முகத்தில் ரத்தம் வரும்வரை இவளுக்குப் பேறு பார்க்கத் தன்னால் முடியாது. தன் கையில் ஒருத்தி போவதைத் தான் பார்க்க விரும்பவில்லை. மலாயில் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, எனக்குப் பதில் யோசிக்க நேரம் கொடுக்காமல், என் கீழ் இமையையும் இழுத்தாள்.

“இனி புன் சாமா!” இவனும் அதேதான்.

அவள் போனபிறகு நான் கூடத்தில் மேலும் கீழும் நடந்தேன். “படிக்காத பொம்பள. கண்ணைப் பார்த்துச் சொல்றதுக்கும் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாது.”

என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “ஏங்க, அந்தத் தொண்ணூத்தேழு இருக்கே, அது எதுல தொண்ணூத்தேழு?”

“நூறுல.”

“நூறுன்னா யாரோட ரத்தம்?”

“என்னோடது.”

அவள் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: “அப்ப நான் உங்களோட ஒத்துப்போறேன்னுதானே தெரியும். நல்லா இருக்கேன்னு எப்படித் தெரியும்?”

என் வாழ்க்கையில் கனமான புத்தகங்கள் பல படித்திருக்கிறேன். அந்த ஒரு கேள்வியின் எடைக்கு எதுவும் வராது. உள்ளே எங்கேயோ முந்நூற்று நாற்பது சொச்சம் எழுந்து உட்கார்ந்தது.

“நாளைக்கு உன் அணுக்களை எண்ணிப் பாக்குறேன்,” என்றேன்.

“நானும் வரேன்லா. நீங்க தனியா எண்ண வேணாம்.”

மறுநாள் காலை திரிஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். அவள் ஆய்வுக்கூட ஸ்டூலில் உட்கார்ந்து, பென்சிலையும் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தையும் எடுத்துக்கொண்டாள். நான் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து ஒவ்வொரு கட்டமாகச் சொல்ல வேண்டும், அவள் குறித்துக்கொள்வாள். அவளே போட்ட ஏற்பாடு.

“நாலு. மூணு. அஞ்சு.”

“ஏன் இழுக்குறீங்க?”

“கோட்டு மேல ஒண்ணு இருக்கு.”

“எந்தக் கோடு?”

“வலப்பக்கம்.”

“அதைச் சேக்கக்கூடாதுன்னுதானே வந்தவங்க போனவங்ககிட்டலாம் பெருமையாச் சொல்லுவீங்க? விடுங்க.”

விட்டேன். எண்பது கட்டம் முடிந்தது. அவள் கூட்டினாள். முந்நூற்று நான்கு. அணுக்களின் தோற்றத்தை அவளிடம் சொல்லவில்லை. நடுப்பள்ளம் அகன்று, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிறம் ஒட்டியிருந்தது. வடையெல்லாம் வெறும் வளையலாகத் தேய்ந்திருந்தன. சுமை தூக்கிகள் குறைவு. இருப்பவர்களும் வெறுங்கையோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவள் ஏன் இரண்டுமுறை உட்கார்ந்தாள் என்று எனக்கு அப்போது விளங்கிற்று.

“இப்ப உங்களோடது,” என்றாள்.

“என்னோடது எதுக்கு?”

“விரலை நீட்டுங்க.”

குத்தியதும் அவளேதான். முந்நூற்று முப்பத்தெட்டு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, என் பேனாவை எடுத்து மசியில் எழுதினாள். அடியில் கோடும் போட்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூச்சுவிடச் சிரமப்படுகிற ஒருத்தி, நான் மூன்றுமுறை எண்ணியும் ஒப்புக்கொள்ளாததை ஒரே முறையில் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள். நான் கட்டிக்கொண்டவள் என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தோன்றியது. அதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

“டாக்டர், அந்த நூறு, நூறு இல்லை.”

“அப்ப எத்தினை?”

“எண்ணிக்கைப்படி அறுபத்தேழு. நிறத்தைப் பார்த்தா அதைவிடக் கம்மி.”

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். “ஐம்பது லட்சம் எண்டு எண்ணித் தந்தனீரே?”

“எண்ணினேன். எழுதுறப்ப புத்தகத்தைப் பார்த்து எழுதிட்டேன்.”

“உம்மட ரத்தத்தை வச்சோ இவ்வளவு நாளும் ஊருக்கு அளந்தனாங்கள்? நானும் கையெழுத்துப் போட்டனான்.” அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “பதிவுப் புத்தகத்தை எடும். இந்தப் பதினொரு கிழமையும் வந்த ஒவ்வொருத்தரையும் நீரே போய்க் கூட்டிக்கொண்டு வாரும். எல்லாருக்கும் எண்ணும். அரை மணித்தியாலம் எண்டாலும் எண்ணும்.”

அன்றே என் மலத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கொக்கிப்புழு முட்டைகள், பாடப்புத்தகத்தில் அச்சடிக்கலாம் போல அவ்வளவு அழகாக. அந்தப் புழு ஈரமண்ணிலிருந்து பாதத்தின் வழியாக ஏறி, குடலில் தொங்கி, ரத்தம் குடிக்கும். கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று தினமும் பிரசங்கம் செய்தவன் நான். வீட்டுக்குப் பின்னால் சந்தின் சாக்கடையோரமாக எனக்கொரு கீரைப்பாத்தி இருந்தது. அதில் நானும் அவளும் தினமும் வெறுங்காலோடு இறங்குவோம். விவசாயி செருப்பு போட்டு மண்ணை அவமதிக்கக் கூடாது என்பது என் கொள்கை. எங்கள் ரத்தப் பொருத்தத்துக்குக் காரணம் ஜாதகம் அல்ல, அந்தப் பாத்தி.

பிறகு வந்த நாட்களில் நான் சைக்கிளில் புக்கிட் காதில் போனேன், செமாபோக் போனேன், கம்பம் என்று சொல்லும் பெயர் தெரியாத கிராமங்களுக்கெல்லாம் போனேன். மூச்சிரைக்கும், இந்தமுறை இயற்கையை ரசிப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும், “உங்க ரத்தத்துல தப்பில்ல, என் ரத்தத்துலதான் தப்பு, ஒருதரம் வந்துட்டுப் போங்க,” என்று சொல்ல வேண்டும். செமாபோக்கில் ஒரு அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்:

“தலை சுத்துதுன்னு அப்பவே சொன்னேன்ல? நீங்கதான் தொண்ணூத்தஞ்சு, ராணி மாதிரி இருக்கீங்கன்னு சிரிச்சீங்க.”

“ஆமாங்க.”

“இப்ப யாரு ராணி?”

“யாரும் இல்லீங்க. வாங்க, எண்ணுவோம்.”

வந்தாள். எல்லாரும் வந்தார்கள். எவருக்கும் உயிருக்கு ஆபத்து நேராமல் தப்பியது என் திறமையால் அல்ல, ஆனாலும் ஒருவரையும் விட்டுவிடாமல் எண்ணி முடித்தது நான்தான். அந்த வரிசை வரிசையான எண்களை இன்று நினைத்தாலும் முதுகு தானாக நிமிர்கிறது.

எனக்குப் பூச்சி மருந்து உடனே கிடைத்தது. அதைப் பற்றி எழுதுவது இலக்கியத்துக்கு அடுக்காது. மனைவிக்குப் பிள்ளை பிறந்தபிறகுதான் பூச்சி மருந்து. அதுவரை இரும்பு மாத்திரை என்றார் டாக்டர். மாக் பீடான் கெராங் வேகவைத்துக் கொண்டுவந்தாள். மலாக்காக் கடல் சேற்றில் கிடைக்கிற இந்தச் சிப்பிக்கு நம்மைப்போலவே சிவப்பு ரத்தம். பச்சையாக ஒன்றைக் கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அதற்கும் சிவப்பணு இருக்கிறது. ஆனால் உட்கருவைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறது. யோசிக்கிற ரத்தம். நான் இதை வியந்து சொன்னபோது, “அதுகிட்ட கேட்டிருந்தா அப்பவே உண்மையச் சொல்லியிருக்கும்,” என்றாள் என் மனைவி. கெராங்கை உரித்துக்கொண்டே சொன்னாள்.

வாரத்துக்கு ஒரு தரம் எண்ணினோம். நான் சொல்ல, அவள் எழுத. முந்நூற்று இருபது. முந்நூற்று ஐம்பத்தைந்து. பச்சரிசி மெல்லுவது நின்றது. மெர்டேக்கா நாளன்று திரிஷாவில் உட்கார்ந்து திடலோரம் வரை போய்க் கொடியைப் பார்த்தாள். கூட்டத்தில் எல்லாரும் கத்தினார்கள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சிவப்பணுவின் ஆயுள் நாலு மாதம். மாத்திரை தொடங்கிப் பத்து வாரம் ஆகிறது. அப்படியானால் இந்த நிமிஷம் அவளுக்குள் ஓடுகிறதில் பாதிக்கு மேல் புதுசு. அவளிடம் சொன்னேன்.

“கொடி ஏறுது, அதைப் பாருங்க,” என்றாள்.

பேறு வீட்டிலா, கிளினிக்கிலா என்று கேள்வி வந்தது. கிளினிக்கில், ஆனால் மாக் பீடானும் கூட இருக்க வேண்டும் என்று டாக்டரே ஆளனுப்பினார். அவள் வந்து முதல் வேலையாக என் மனைவியின் இமையை இழுத்தாள்; தலையாட்டினாள்; கெபாயாவின் கையை மடித்துக்கொண்டாள். நான் பின்கட்டில், முந்தின வாரம் கப்பலில் வந்த புதுக் கண்ணாடித் துண்டைத் தொடக்கூட பயந்து உட்கார்ந்திருந்தேன். காலை பத்து மணிக்கு அழுகுரல் கேட்டது. ரத்தம் போயிற்று, போக வேண்டிய அளவுக்கு. மிச்சம் இருந்தது. பெண் குழந்தை.

மறுநாள் டாக்டர் அனுமதியோடு குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்தேன். தட்டில் விட்டுப் பார்த்தபோது கட்டங்கள் கொள்ளாமல் நெரிந்துகொண்டிருந்தன. அணுக்கள் பெரிசு பெரிசாக, நல்ல நிறத்தோடு. ஐந்நூற்று எண்பது. நம்பிக்கை வராமல் இரண்டாவது முறை எண்ணினேன். மூன்றாவது முறைக்குத் தட்டைக் கழுவும்போது டாக்டர் எட்டிப் பார்த்தார்.

“நீர் மூண்டு தரம் எண்ணினா எனக்குப் பயமாக் கிடக்கு.”

“இந்தத் தடவ கூட வருது டாக்டர்.”

“பிறந்த பிள்ளையளுக்கு அப்பிடித்தான் இருக்கும். கருவில பிராணவாயு குறைவு. அதுக்கு ஈடா கூடுதலா அணுக்களைச் செய்துகொண்டு வருகுதுகள். கொஞ்ச நாளில இறங்கும். பயப்படாதேயும்.”

இறங்கட்டும். இன்றைக்கு இருக்கிறதே. புத்தகம் சொன்ன ஐந்நூறை நான் எழுதினேன். என் மகள் கொண்டுவந்தாள், மேலே எண்பதும் சேர்த்து.

முன்கட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் குழந்தையை மார்போடு அணைத்தபடி, சந்தேகத்தோடு என்னைப் பார்த்தாள்.

“யாரோட ஒப்பிட்டீங்க?”

“யாரோடயும் இல்ல. எண்ணினேன்.”

“வலப்பக்கக் கோடு?”

“சேக்கல.”

“அப்ப சரி,” என்று கையை நீட்டினாள். பேனாவைக் கொடுத்தேன். நாட்காட்டியின் பின்பக்கத்தில், தன் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் மேலே, அவளே எழுதினாள்.